பக்கத்தின் ஒரு பகுதியை மட்டும் மாற்றும் கருவிக்கு ஆவணம் எழுதுவது எப்படி?

கேள்வி

வணக்கம். கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான கணக்கு மென்பொருள் ஒன்றை எங்கள் சிறு குழு ஜாங்கோ என்ற பைத்தான் வலைக் கட்டமைப்பில் எழுதிப் பராமரித்து வருகிறது. உறுப்பினர் பட்டியல், கடன் விவரம், தவணை வசூல் எனப் பெரும்பாலான பக்கங்கள் நீளமானவை. ஒரு தவணையை வரவு வைத்தவுடன் முழுப் பக்கமும் மீண்டும் ஏற்றப்படுவதைத் தவிர்ப்பதற்காக, எச்.டி.எம்.எக்ஸ் நிரல் நூலகத்தின் மேல் சிறிய கருவி ஒன்றை அமைத்து, எந்தப் பகுதி மாற வேண்டுமோ அந்தப் பகுதிக்குரிய எச்.டி.எம்.எல். துண்டை மட்டும் சர்வரிலிருந்து பெற்று உரிய இடத்தில் பொருத்தும்படி செய்திருக்கிறோம். கருவி நன்றாகவே இயங்குகிறது.

அதற்கு ஆவணம் எழுதும் பொறுப்பை நான் ஏற்றேன். புதிதாக வருகிறவர்களுக்கு மொழி ஒரு தடையாக இருக்கக் கூடாது என்பதற்காகத் தமிழிலேயே எழுதினேன். கருவி ஏற்கும் ஒவ்வொரு பண்பையும், அதாவது எச்.டி.எம்.எல். குறிக்குள் எழுதும் ஒவ்வொரு அமைப்பையும், வரிசைப்படுத்தி, அதன் பொருளையும் இயல்பு மதிப்பையும் ஓர் எடுத்துக்காட்டையும் கொடுத்தேன். எழுதி முடித்தபோது இருபது பக்கங்களுக்கு மேல் வந்தது. எதையும் விட்டுவிடவில்லை என்றே நம்பினேன்.

அண்மையில் இருவர் புதிதாகச் சேர்ந்தார்கள். இருவரும் ஆவணத்தை முழுமையாகப் படித்தார்கள். ஆனாலும் முதல் இரண்டு வாரங்களில் மூன்று தவறுகள் நேர்ந்தன. ஒரு படிவத்தில் தொகையைத் தவறாக நிரப்பி அனுப்பினால் திரையில் எதுவுமே நிகழவில்லை. பிழைச் செய்தியும் வரவில்லை. இன்னொரு பக்கத்தைச் சற்று நேரம் திறந்து வைத்துவிட்டு ஒரு பொத்தானை அழுத்தியபோது, அட்டவணையின் சிறிய கட்டம் ஒன்றுக்குள் உள்நுழைவுப் பக்கம் முழுவதும் வந்து அமர்ந்துகொண்டது. மூன்றாவதாக, ஓர் உறுப்பினரின் முகவரியைத் திருத்தும் ஒவ்வொரு முறையும் அந்தப் பகுதியைச் சுற்றியுள்ள விளிம்பு இரட்டித்துக்கொண்டே போனது. ஆராய்ந்தபோது ஒரே ஐடியுடன் ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு டிவ்கள் (உள்ளடக்கத்தைச் சூழும் எச்.டி.எம்.எல். கூடுகள்) இருந்தன.

இம்மூன்றையும் தவிர்ப்பதற்குத் தேவையான செய்திகள் என் ஆவணத்தில் எங்கெங்கோ சிதறி இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் படிப்பவருக்கு உதவும் வடிவில் அவை இல்லை என்பது இப்போது தெரிகிறது. இத்தகைய கருவிகளுக்கு ஆவணம் எழுதி அனுபவப்பட்டவர்கள், அதை எந்த அடிப்படையில் ஒழுங்குபடுத்துவீர்கள்?

மறுமொழி 1

உங்கள் ஆவணம் பண்புகளை விளக்குகிறது. ஆனால் பகுதி மாற்றத்தில் பிழைகள் பெரும்பாலும் பண்புகளில் பிறப்பதில்லை. கேட்கும் பக்கத்துக்கும் பதில் தரும் சர்வருக்கும் இடையே எழுதப்படாமல் இருக்கும் உடன்படிக்கையில் பிறக்கின்றன. முழுப் பக்கம் ஏற்றப்படும்போது இந்த உடன்படிக்கையை உலாவியே நமக்காகக் காப்பாற்றுகிறது: சர்வர் எதை அனுப்பினாலும், பிழைப் பக்கமாகவே இருந்தாலும், அது திரையில் தெரியும். ஒரு துண்டை மட்டும் கேட்கத் தொடங்கிய கணத்திலிருந்து அந்தப் பொறுப்பு உங்கள் கைக்கு வந்துவிடுகிறது. ஆகவே ஆவணத்தின் அடிப்படை அலகு பண்பாக இருக்கக் கூடாது, பகுதியாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒவ்வொரு பகுதிக்கும் அதை யார் கேட்கிறார்கள், எந்த வலை முகவரியில் கேட்கிறார்கள், பதிலில் என்ன வர வேண்டும், அது எங்கே எவ்வாறு பொருத்தப்படும், பிழை நேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை ஒரே இடத்தில் எழுதுங்கள்.

நீங்கள் சொன்ன மூன்று தவறுகளையும் இந்தக் கோணத்தில் பார்க்கலாம்.

முதலாவது, நிலைக்குறியீடு பற்றியது, அதாவது கோரிக்கை என்னவாயிற்று என்று சர்வர் ஒவ்வொரு பதிலோடும் அனுப்பும் எண். பிழையைக் குறிக்கும் 400, 500 வரிசைக் குறியீடுகளோடு வரும் பதிலை எச்.டி.எம்.எக்ஸ் இயல்பாகப் பக்கத்தில் பொருத்துவதில்லை. பிழை நேர்ந்ததாக ஒரு நிகழ்வை மட்டும் எழுப்பும். அதைக் கேட்டுச் செயல்பட யாரும் இல்லையென்றால் பயனர் கண்ணுக்கு எதுவும் புலப்படாது. ஜாங்கோவில் பழகியவர்கள் தவறான படிவத்தை வழக்கமாக, வெற்றியைக் குறிக்கும் 200 உடனேயே திருப்பி அனுப்புவதால் இந்தச் சிக்கலைச் சந்திப்பதில்லை. ரெயில்ஸ் என்ற ரூபி வலைக் கட்டமைப்பின் பக்கமிருந்து வருகிறவருக்கோ நிலைமை நேர்மாறானது: அங்கே பகுதி மாற்றத்துக்குப் பயன்படும் டர்போ நூலகம், தவறான படிவத்துக்கு 422 குறியீட்டையும் வெற்றிக்குப் பின் திருப்பிவிட 303 குறியீட்டையும் எதிர்பார்க்கிறது. அந்த வழக்கத்தோடு வந்த ஒருவர் 422 அனுப்பியிருந்தால் அவர் தம் அறிவுக்கு எட்டியவரை சரியாகவே செய்திருக்கிறார். உங்கள் கருவியின் விதி வேறு என்பதை ஆவணம்தான் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். எச்.டி.எம்.எக்ஸ் 2.0 பதிப்பிலிருந்து எந்தக் குறியீட்டைப் பொருத்துவது, எதை விடுவது என்பதை அமைப்பிலேயே மாற்றிக்கொள்ள முடியும். நீங்கள் எதைத் தேர்ந்தாலும் 200, 204, 302, 422, 500 ஆகிய ஐந்துக்கும் உங்கள் கருவி என்ன செய்யும் என்பதை ஆவணத்தின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

இரண்டாவது தவறு இதைவிட நுட்பமானது; இதைப் புரிந்துகொள்ளாமல் மாதக்கணக்கில் தவித்த குழுக்களை நான் பார்த்திருக்கிறேன். பயனர் உள்நுழைந்த அமர்வு காலாவதியானவுடன் ஜாங்கோ 302 அனுப்பி உள்நுழைவுப் பக்கத்துக்குத் திருப்பிவிடுகிறது. அந்தத் திருப்பலை உலாவி தானாகவே பின்தொடர்ந்துவிடும். இடையில் நிற்கும் எச்.டி.எம்.எக்ஸ் நூலகத்துக்கு 302 வந்ததே தெரியாது. அதன் கைக்கு இறுதியில் கிடைப்பது 200 குறியீட்டோடு வந்த ஒரு முழுமையான உள்நுழைவுப் பக்கம்தான். அது தனக்கு இடப்பட்ட பணியைச் செய்து, அந்தப் பக்கத்தைக் கட்டத்துக்குள் வைக்கிறது. தீர்வு சர்வரில் இருக்கிறது. எச்.டி.எம்.எக்ஸ் வழியாக வரும் ஒவ்வொரு கோரிக்கையிலும் 'எச்எக்ஸ்-ரிக்வெஸ்ட்' என்ற ஹெட்டர் (உடன் செல்லும் தலைப்புத் தகவல்) இருக்கும். அது இருந்தால் 302 அனுப்பாமல், 300 வரிசையில் இல்லாத ஒரு குறியீட்டோடு 'எச்எக்ஸ்-ரீடைரக்ட்' ஹெட்டரை அனுப்ப வேண்டும். அப்போது முழுப் பக்கமும் உள்நுழைவுக்குச் செல்லும். இதை, எல்லாக் கோரிக்கைகளும் கடந்து செல்லும் இடைநிலை நிரலான ஒரு மிடில்வேரில் ஒருமுறை எழுதினால் போதும். ஆனால் அப்படி ஒரு மிடில்வேர் ஏன் இருக்கிறது என்ற காரணத்தை எழுதி வைக்கவில்லையென்றால், அடுத்து வருகிறவர் அதைத் தேவையற்றது என்று நீக்கிவிடக்கூடும்.

மூன்றாவது எளிது. பொருத்தும் முறையின் இயல்பு மதிப்பு 'இன்னர்எச்டிஎம்எல்', அதாவது இலக்கின் கூடு அப்படியே இருக்க உள்ளடக்கம் மட்டும் மாறும். பதிலிலும் அதே கூட்டை அனுப்பினால் கூட்டுக்குள் கூடு உருவாகும். எனவே ஒவ்வொரு பகுதிக்கும் 'பதிலில் வெளிக்கூடு வரும்' அல்லது 'வராது' என்று ஒரு வரி எழுதுங்கள். இயன்றால் எல்லாப் பகுதிகளுக்கும் ஒரே விதியை வைத்துவிடுங்கள். கூட்டோடு அனுப்பிக் கூட்டோடு மாற்றும் 'அவுட்டர்எச்டிஎம்எல்' முறையையே நான் பரிந்துரைப்பேன். முதன்முறை பக்கம் ஏறும்போதும் பின்னர் மாறும்போதும் ஒரே டெம்ப்ளேட்டை (பக்க வார்ப்பை) பயன்படுத்த அதுதான் வசதியானது. ஜாங்கோ 6.0 பதிப்பில் ஒரு டெம்ப்ளேட்டுக்குள்ளேயே ஒரு பகுதிக்குப் பெயரிட்டு அதை மட்டும் தனியாக வரைந்து எடுக்கும் வசதி சேர்ந்துவிட்டதால், துண்டுகளுக்கெனத் தனிக் கோப்புகளைச் சேர்த்துக்கொண்டே போக வேண்டியதும் இல்லை.

இந்த உடன்படிக்கைச் சிக்கல் புதியதன்று. 2007-இல் மைக்ரோசாஃப்டின் ஏ.எஸ்.பி. டாட் நெட் அஜாக்ஸோடு வந்த, பக்கத்தின் ஒரு பகுதியை மட்டும் புதுப்பிக்கும் அப்டேட்பேனலைப் பயன்படுத்தியவர்களுக்கு இது நினைவிருக்கும். திரையில் ஒரு சிறு பகுதிதான் மாறும். ஆனால் சர்வரில் பக்கத்தின் முழு வாழ்க்கைச் சுழற்சியும் ஒவ்வொரு முறையும் இயங்கும். கண்ணுக்குத் தெரிவதை வைத்து உள்ளே நடப்பதை ஊகிக்க இயலாத கருவிகளுக்குத்தான் ஆவணம் மிகுதியாகத் தேவைப்படுகிறது.

மறுமொழி 2

மேலே சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஒரே முகவரி சில நேரம் முழுப் பக்கத்தையும் சில நேரம் துண்டையும் தருகிறதா என்பதை ஒவ்வொரு பகுதிக்கும் குறிப்பிடுங்கள். அப்படித் தருமானால், பதில் எதைப் பொறுத்து வேறுபடும் என்று சொல்லும் 'வேரி' ஹெட்டரில் 'எச்எக்ஸ்-ரிக்வெஸ்ட்' பெயரைச் சேர்ப்பது கட்டாயம் என்றும் எழுதுங்கள். இல்லையென்றால், உலாவியின் அல்லது இடையிலுள்ள தற்காலிகச் சேமிப்பகம் இரண்டையும் ஒன்றென்று எண்ணிவிடும். பயனர் வேறொரு பக்கத்துக்குச் சென்றுவிட்டுப் பின்செல்லும் பொத்தானை அழுத்தும்போது, தலைப்பும் வடிவமைப்பும் இல்லாத வெறும் துண்டு மட்டும் திரையில் நிற்கும். துண்டுகளுக்கு வேறு முகவரி வைப்பது இன்னும் தெளிவானது என்பது என் கருத்து.

மறுமொழி 3

நான் திரைவாசிப்பான் துணையோடு நிரல் எழுதுகிறவன். மேலே இரண்டு நண்பர்களும் எது வந்து சேரும் என்பதைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். ஒரு பகுதி மாற்றப்படும்போது எது அழியும் என்பதைப் பற்றியும் ஆவணம் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஏனெனில் அந்த இழப்பை முதலில் உணர்கிறவர்கள் எங்களைப் போன்றவர்கள்.

நான் ஒரு பொத்தானை அழுத்துகிறேன். அந்தப் பொத்தான் உள்ள பகுதியே புதிதாக மாற்றப்படுகிறது. என் குவியம், அதாவது விசைப்பலகை நிற்கும் இடம், இருந்த உறுப்பு இப்போது பக்கத்தில் இல்லை. குவியம் பக்கத்தின் தொடக்கத்துக்குப் போய்விடுகிறது. நாற்பதாவது வரிசையில் இருந்த நான் மீண்டும் முதல் வரியிலிருந்து கீழே இறங்கி வர வேண்டும். தவணை வசூலிக்கும் ஊழியர் ஒருவர் திரைவாசிப்பானைப் பயன்படுத்துகிறார் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு ரசீதுக்கும் அவர் இந்தப் பயணத்தைச் செய்ய வேண்டியிருக்கும். குவிந்திருந்த உள்ளீட்டுப் பெட்டிக்கு மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒரே ஐடி இருந்தால் எச்.டி.எம்.எக்ஸ் குவியத்தை அதிலேயே மீட்டுத் தரும். 'பகுதிக்குள் உள்ள ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் மாறாத ஐடி தேவை' என்ற ஒரே ஒரு வாக்கியம் உங்கள் ஆவணத்தில் இருந்தால், எத்தனையோ மணி நேர அலைச்சல் மிச்சமாகும்.

அடுத்தது அறிவிப்பு. கண்ணால் பார்ப்பவருக்கு வரிசையின் நிறம் மாறியதே போதுமான செய்தி. எனக்கு யாராவது சொன்னால்தான் தெரியும். அதற்குரியது 'ஏரியா-லைவ்' பண்பு. இங்கே பலர் தவறுகிற இடம் ஒன்று உண்டு: அந்தப் பண்பைத் தாங்கும் பகுதி முன்கூட்டியே, காலியாகவேனும், பக்கத்தில் இருக்க வேண்டும்; அதனுள் உரை வந்து சேரும்போதுதான் திரைவாசிப்பான் அதை நம்பகமாக வாசிக்கும். செய்தியையும் பண்பையும் சேர்த்தே ஒரு துண்டாக அனுப்பினால் பல நேரங்களில் மௌனம்தான் மிஞ்சும். குவியத்தை நகர்த்தாமலே நிலைச் செய்திகள் பயனரைச் சென்றடைய வேண்டும் என்பதை 2018-இல் வெளிவந்த டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.1 என்ற வலை அணுகல்தன்மை நெறிமுறை 4.1.3 என்ற எண்ணில் ஒரு தேவையாகவே வகுத்திருக்கிறது. உங்கள் ஆவணத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் 'மாறிய பின் என்ன வாசிக்கப்படும்' என்றொரு வரி இருக்கட்டும்.

அழிகிறவற்றில் இன்னும் சில: பாதி தட்டச்சு செய்த உரை, உள்ளே உருட்டி நிறுத்தியிருந்த இடம், பழைய உறுப்பின் மேல் ஜாவாஸ்கிரிப்டில் நேரடியாகப் பொருத்திய கேட்பான்கள் (ஒரு நிகழ்வு நேர்ந்தால் இயங்கும் நிரல்கள்). கடைசியானதால் நேரும் பிழை 'முதல் முறை வேலை செய்கிறது, இரண்டாம் முறை செய்யவில்லை' என்ற வடிவில் வரும். அந்த வாக்கியத்தையே ஆவணத்தில் ஒரு தலைப்பாக வையுங்கள், தேடுகிறவர்கள் அந்தச் சொற்களைக் கொண்டுதான் தேடுவார்கள்.

மறுமொழி 4

முதல் மறுமொழியோடு பெருமளவு உடன்படுகிறேன். ஆனால் பண்புப் பட்டியலே வேண்டாம் என்று அதைப் புரிந்துகொண்டுவிடக் கூடாது. ஆவணங்களைப் பயிற்சிப் பாடம், செய்முறை வழிகாட்டி, குறிப்புப் பட்டியல், விளக்கக் கட்டுரை என நான்காகப் பிரிக்கும் டயாட்டாக்சிஸ் என்ற அணுகுமுறையை டேனியேல் ப்ரோசிடா வகுத்திருக்கிறார். அந்த நோக்கில் பார்த்தால், உங்களிடம் இருப்பது குறிப்புப் பட்டியல் மட்டுமே. அது அந்த அளவில் நன்றாகவே இருக்கலாம். ஆனால் புதியவர் கையில் முதலில் கொடுக்க வேண்டியது அதுவன்று. தவணை ஒன்றை வரவு வைக்கும் ஒரே பகுதியைத் தொடக்கம் முதல் இறுதி வரை செய்துபார்க்கும் ஒரு பயிற்சிப் பாடத்தை எழுதி, அதில் வேண்டுமென்றே ஒருமுறை தவறான தொகையை அனுப்பச் சொல்லுங்கள். பிழை எப்படி வரும் என்பதைக் கண்ணால் கண்டவர் மறக்கமாட்டார்.

பட்டியலைப் பொறுத்தவரை, உங்கள் கருவி புதிதாகச் சேர்த்தவற்றை மட்டும் எழுதுங்கள், எச்.டி.எம்.எக்ஸ் தானே விளக்கியுள்ளவற்றைப் பெயர்த்து எழுத வேண்டாம். 2024 ஜூன் மாதம் வெளிவந்த 2.0 பதிப்பில், நீக்கும் கோரிக்கைகளின் தரவு படிவ உடலாகச் செல்லாமல் முகவரியின் பகுதியாகச் செல்லுமாறு இயல்பு மாறியது. 1.0 பதிப்பைப் பார்த்து யாரேனும் பெயர்த்து எழுதியிருந்தால் அந்தப் பக்கம் ஒரே நாளில் பொய்யாகியிருக்கும். எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டது என்பதை ஆவணத்தின் தலைப்பிலேயே குறிப்பிடுவதும் இதனால்தான் அவசியம்.

தமிழில் எழுதியதற்கு என் மனமார்ந்த பாராட்டு. ஒரே ஒரு வேண்டுகோள்: சொற்களை இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் கேள்வியிலேயே 'பகுதி', 'துண்டு' என்ற இரு சொற்களும் வருகின்றன. பக்கத்தில் மாறும் இடத்தைப் 'பகுதி' என்றும், சர்வரிலிருந்து வருவதைத் 'துண்டு' என்றும் வரையறுத்துவிட்டால் இரண்டும் தேவையான சொற்கள். வரையறுக்காவிட்டால் படிப்பவர் இரண்டும் ஒன்றென்றே எண்ணுவார். கூட்டுக்குள் கூடு வளர்ந்த உங்கள் மூன்றாவது தவறின் வேரும் அந்தக் குழப்பத்தில் இருந்திருக்கலாம் என்று நினைக்கிறேன்.

கேட்டவரின் மறுமொழி

அனைவருக்கும் நன்றி. பகுதிக்கும் துண்டுக்கும் வேறுபாடு வரையறுக்காமல்தான் எழுதியிருந்தேன். அதை இன்றே திருத்திவிட்டேன். நிலைக்குறியீடுகளையும் முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். நீங்கள் சொன்ன முறையில் ஒரு பகுதிக்கு மட்டும் எழுதிப் பார்த்தேன். குறை இருந்தால் சொல்லுங்கள்.

"தவணை வரிசை. கடன் விவரப் பக்கத்தின் அட்டவணையில் உள்ள ஒவ்வொரு தவணையும் ஒரு பகுதி. 'வரவு வை' பொத்தானை அழுத்தும்போது அந்தத் தவணைக்குரிய முகவரிக்குப் தரவை அனுப்பும் போஸ்ட் கோரிக்கை செல்லும். பதில் எப்போதும் துண்டு மட்டுமே. இந்த முகவரி முழுப் பக்கத்தைத் தராது. துண்டில் வெளிக்கூடாகிய டிஆர் (அட்டவணை வரிசை) குறி இருக்கும். பழைய வரிசை முழுவதுமாக நீங்கிப் புதிய வரிசை அந்த இடத்துக்கு வரும். தொகை தவறாக இருந்தால் 422 குறியீட்டோடு, பிழைச் செய்தி சேர்ந்த அதே வரிசை வரும். எங்கள் அமைப்பில் 422 பதில் பொருத்தப்படும். அமர்வு முடிந்திருந்தால் முழுப் பக்கமும் உள்நுழைவுக்குச் செல்லும். அட்டவணைக்குக் கீழே உள்ள மொத்த நிலுவைத் தொகை, இதே பதிலில் தனி டிவ் ஆகச் சேர்ந்து வந்து தன் இடத்தில் பொருந்தும். மாறிய பின் பக்கத்தின் நிலைச் செய்திப் பகுதியில் 'தவணை வரவு வைக்கப்பட்டது' என்று வாசிக்கப்படும். தொகைப் பெட்டியின் ஐடி தவணை எண்ணைக் கொண்டு அமைவதால் மாறாது."

மறுமொழி 1 எழுதியவரின் மறுமொழி

இதைப் படித்த ஒருவரால், நிரலைத் திறக்காமலே இந்தப் பகுதியை மாற்றி எழுத முடியும் என்று தோன்றுகிறது. இரண்டு இடங்களை மட்டும் செம்மைப்படுத்துங்கள்.

முதலாவது, மொத்த நிலுவைத் தொகை. டிஆர் குறி, அட்டவணைக்கு வெளியே தனித்து நிற்க முடியாத ஒன்று. ஒரே பதிலில் டிவ் முதலிலும் டிஆர் பின்னரும் வந்தால், உலாவியில் எச்.டி.எம்.எல். உரையைப் படித்துப் பிரிக்கும் பாகுபடுத்தி அந்த டிஆர் குறிகளைப் புறக்கணித்துவிடும். வரிசையின் உரை மட்டும் சிதறி வந்து நிற்கும். எனவே 'வரிசை முதலில், நிலுவைத் தொகை பின்னர்' என்ற வரிசைமுறையை ஆவணத்தில் எழுதியாக வேண்டும். அதைவிட நல்ல வழி, பதிலின் ஹெட்டரில் ஒரு நிகழ்வின் பெயரை அனுப்பி, நிலுவைத் தொகைப் பகுதி அந்த நிகழ்வைக் கேட்டுத் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும்படி செய்வது. ஒரு கோரிக்கை கூடுதலாகும். ஆனால் இரண்டு பகுதிகளின் உடன்படிக்கைகளும் தனித்தனியாக நிற்கும். அப்படிச் செய்தால், நிகழ்வுப் பெயர்களுக்கென்று ஆவணத்தில் ஒரு பக்கம் ஒதுக்கி, ஒவ்வொன்றையும் யார் எழுப்புகிறார்கள், யார் கேட்கிறார்கள் என்று பதியுங்கள்.

இரண்டாவது, பொத்தானை அடுத்தடுத்து இருமுறை அழுத்தினால் என்ன ஆகும் என்பது உங்கள் குறிப்பில் இல்லை. பதில் வரும்வரை பொத்தானைச் செயலிழக்கச் செய்ய 'எச்எக்ஸ்-டிசேபிள்ட்-எல்ட்' பண்பு உதவும். ஆனால் அது திரையில் செய்யப்படும் காவல் மட்டுமே. இணைப்பு அறுந்து பதில் திரும்பி வராத நிலையில், ஊழியர் பக்கத்தைப் புதுப்பித்து மீண்டும் அழுத்துவார். முதல் கோரிக்கையோ சர்வரை அடைந்து வரவு வைத்திருக்கக்கூடும். ஒரே தவணைக்கு இரண்டு வரவு விழாமல் சர்வர் எவ்வாறு தடுக்கிறது, அந்த இரண்டாவது கோரிக்கைக்கு எந்த வரிசை பதிலாக வரும் என்பதை அந்தக் குறிப்பின் கடைசி வரியாகச் சேருங்கள்.